கடைசி வயலின் மோட்டார்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் ஒன்று காரணம் தெரியாமல் நின்றுவிடுகிறது. பழுது நீக்கிப் பொருத்துகிறோம். சில வாரங்களில் மீண்டும் நின்றுவிடுகிறது. அப்போது மனிதன் கேட்க வேண்டிய கேள்வி, 'இது ஏன் நின்றது?' என்பது. ஆனால் அவன் பெரும்பாலும் கேட்பது, 'எனக்கு மட்டும் ஏன் இப்படி நேர்கிறது?' என்பது. முதல் கேள்வி காரணத்தைத் தேடுகிறது. இரண்டாவது, பழி சுமத்த ஓர் ஆளைத் தேடுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் நூல்களில் படித்திருந்தேன். அதை உணர்ந்தது ஒரு வயல்வெளியில்.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் சீக்கிய நண்பர் ஒருவரின் இல்லத்தில் சில நாட்கள் தங்கியிருந்தேன். அது நெல் நடவுக் காலம். வெயில் 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும் அந்நாட்களில் வயலில் நீர் நின்றால்தான் நாற்று பிழைக்கும். வாய்க்கால் நீர் போதாது. ஆழ்துளைக் கிணறுகளே ஆதாரம். பஞ்சாபில் மின்சாரத்தால் இயங்கும் ஆழ்துளைக் கிணறுகள் ஏறத்தாழ 14 லட்சம். மோட்டார் ஓடினால் பயிர் உண்டு, நின்றால் இல்லை.

நண்பரின் வயலோரத்தில் ஒரு மின்மாற்றி நிற்கிறது. அதிலிருந்து புறப்படும் கம்பி வரிசையாக ஐந்து வயல்களுக்குச் செல்கிறது. முதல் வயல் நண்பருடையது. ஐந்தாவது வயல் ஒரு முதியவருடையது. மூன்று ஏக்கருக்கும் குறைவான நிலம். நண்பர் அவரைச் 'சாச்சாஜி' என்று, சிற்றப்பா முறை வைத்து அழைப்பார். நான் சென்ற மூன்றாம் நாள் காலையில் சாச்சாஜியின் மோட்டார் எரிந்துபோயிற்று. முந்தைய ஆண்டு நடவுக் காலத்தில் அது இருமுறை எரிந்திருந்தது. இது மூன்றாவது முறை.

நீர்மூழ்கி மோட்டார் எரிந்தால் அதன் துன்பம் மோட்டாரோடு முடிவதில்லை. கிணற்றின் மேல் முக்காலி நாட்டி, சங்கிலிக் கப்பி கொண்டு குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே இழுக்க வேண்டும். காயில் கட்டக் கொடுத்துக் காத்திருந்து, மீண்டும் இறக்க வேண்டும். கூலி, கம்பி, வண்டி வாடகை எல்லாம் கடன். நட்ட நாற்றோ காத்திருக்காது.

ஊர் கண்ட காரணங்கள்

காரணம் என்ன என்பதில் ஊருக்கு ஐயமே இல்லை. கண்பட்டுவிட்டது என்றனர் சிலர். ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிடப்பட்டிருந்தன. கிணறு தோண்டிய இடம் சரியில்லை என்றனர் சிலர். காயில் கட்டும் பழைய மிஸ்திரி மட்டமான கம்பியைச் சுற்றுகிறார் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சாச்சாஜி சென்ற ஆண்டே அவரை விட்டு வேறொருவரிடம் போயிருந்தார். அதன் பிறகும் மோட்டார் எரிந்தது. ஊரில் மதிப்புக்குரிய ஒருவர், "எல்லாம் முற்பிறவிக் கணக்கு. நாம் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லி அப்பேச்சை முடித்துவைத்தார்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது என் மனம் மறுக்கவில்லை. நாள்தோறும் கீதை படிக்கும் நானும், 'பாவம், அவருடைய கர்மம்' என்று எண்ணிக்கொண்டேன். எண்ணியதும் மனம் நிம்மதி அடைந்துவிட்டது. பிறர் துன்பத்தைக் கண்டு நம் மனம் இவ்வளவு எளிதில் நிம்மதி அடையுமானால், அந்த நிம்மதியை நாம் ஐயுற வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

எரிந்த சுருள் சொன்னது

வேறு வழியின்றிச் சாச்சாஜி பழைய மிஸ்திரியையே அழைத்தார். தன்மேல் சுமத்தப்பட்ட பழி அவருக்குத் தெரியும், ஆயினும் வந்தார். மோட்டாரைப் பிரித்து உள்ளிருந்த சுருள்களை நெடுநேரம் பார்த்தார். பின்பு என்னையும் அழைத்துக் காட்டினார்.

"மூன்று கம்பிகளில் ஒன்றில் மின்சாரம் வராமல் மோட்டார் ஓடியிருந்தால் சுருளின் ஒரு பகுதி கருகியிருக்கும், மற்றது நல்லபடியாக இருக்கும். இங்கே பாருங்கள், மூன்று பகுதிகளும் ஒரே அளவில் வெந்திருக்கின்றன. குறைந்த அழுத்தத்தில் மூச்சுத் திணறி ஓடியிருக்கிறது. குற்றம் இந்த மோட்டாருக்குள் இல்லை."

மாலையில் மின்சாரம் வந்ததும் கம்பியின் முனையில் மின்னழுத்தத்தை அளந்தார். 415 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 330 வோல்ட்டே இருந்தது. அழுத்தம் குறையும்போது, அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. சுருளில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வது. மின்னோட்டம் 20 சதவீதம் கூடினால் வெப்பம் 44 சதவீதம் கூடும். காப்புறை மெல்ல மெல்ல வெந்து, ஒருநாள் உருகிவிடும். எரியும் நாள் ஒன்றுதான்; எரிவதற்கான ஆயத்தமோ பல வாரங்கள்.

அழுத்தம் ஏன் குறைந்தது? மிஸ்திரி தயங்கினார். பின்பு என் நண்பரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "சர்தார்ஜி, இந்த ஐந்து மோட்டார்களையும் ஏதோ ஒரு சமயம் காயில் கட்டியவன் நான். காகிதத்தில் இந்த ஐந்து இணைப்புகளுக்கும் சேர்த்து 45 குதிரைத்திறன். பூமிக்குள் ஓடுவது 70. இந்த மின்மாற்றி 63 கேவிஏ. அது என்ன செய்யும்?"

நண்பரின் இணைப்பு காகிதத்தில் 10 குதிரைத்திறன். அவர் கிணற்றில் இறங்கியிருந்தது 15. இடையிலிருந்த மூவரும் அப்படியே. எழுதிக் கொடுத்த அளவான ஏழரையிலேயே மோட்டார் வைத்திருந்தவர் சாச்சாஜி ஒருவர்தாம். மின்மாற்றிக்கு அருகில் இருப்பவருக்கு அழுத்தம் ஓரளவு கிடைத்துவிடும். கம்பி நீள நீள அது குறையும். ஆகவே அனைவருடைய மிகையும் ஒன்றுசேர்ந்து, மிகை செய்யாத ஒருவரின் கிணற்றில் போய் எரிந்தது.

தீயவர் என்று எவருமில்லை

இதைக் கேட்டதும் அந்நால்வரையும் நேர்மையற்றவர்கள் என்று தீர்ப்பளித்துவிடலாகாது. பஞ்சாபில் ஆண்டுதோறும் மழையாலும் பாசனக் கசிவாலும் மண்ணுக்குள் சேரும் நீரைவிட வெளியே எடுக்கப்படும் நீர் அதிகம். நாட்டின் பசி தீர்க்கக் கோதுமையோடு நெல்லையும் பெருமளவில் பயிரிடத் தொடங்கிய நாளிலிருந்து நீர்மட்டம் இறங்கிவருகிறது. நீர் இறங்க இறங்க, மோட்டாரும் பெரிதாக வேண்டியிருந்தது. கூடுதல் திறனை முறைப்படி பதிவு செய்யக் கட்டணமும் அலைச்சலும் உண்டு. 1997-இல் தொடங்கி, இடையில் சிறிது காலம் நீங்கலாக, அங்கே பாசன மின்சாரத்திற்குக் கட்டணம் இல்லை. எனவே மிகுதியாக இழுப்பதைக் காட்டிக்கொடுக்கும் ரசீதும் இல்லை. ஒவ்வொருவரும் தம் பயிரைக் காக்க எண்ணினர். பிறருக்குத் தீங்கு செய்ய ஒருவரும் எண்ணவில்லை.

ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இதே கதையை வேறு வடிவில் காணலாம். மின்சாரம் எந்நேரம் வருமென்று தெரியாத நிலையில், வந்தவுடன் மோட்டார் தானே ஓடத் தொடங்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர்களை உழவர்கள் பொருத்தினர். நள்ளிரவில் விழித்திருக்கும் துன்பத்தைத் தவிர்க்க அது நல்ல வழியே. ஆனால் ஓடத் தொடங்கும் கணத்தில் ஒரு மோட்டார் வழக்கமான அளவைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஒரு வழித்தடத்தின் மோட்டார்கள் எல்லாம் ஒரே கணத்தில் விழித்தெழுந்தால் அழுத்தம் சரிகிறது. மோட்டாரும் மின்மாற்றியும் எரிகின்றன. அந்நேரத்தில் வயலில் ஒருவரும் இல்லை. எல்லோரும் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கேதான் கேள்வி கூர்மை பெறுகிறது. தீய எண்ணம் எவரிடமும் இல்லை. தீங்கு மட்டும் நிகழ்ந்திருக்கிறது. இதற்கு யார் பொறுப்பு?

மூவகை அறிவு

பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான் அறிவை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். ஏதோ ஒரு சிறு பொருளையே முழுமை என்று காரணமின்றிப் பற்றிக்கொள்வது தாமச அறிவு. பொருள்களையும் உயிர்களையும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற தனித்தனிப் பொருள்களாகக் காண்பது ராஜச அறிவு. பிரிந்து தோன்றும் அனைத்திலும் பிரிவற்றிருக்கும் ஒன்றைக் காண்பது சாத்விக அறிவு.

இதை நான் பலமுறை படித்திருக்கிறேன். பிரம்ம ஞானத்தைப் பற்றிய உயர்ந்த பேச்சு என்று வணங்கிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அன்று வயலில் நின்றபோது அது கண்முன் விரிந்தது. கண்ணேறு, கெட்ட இடம், மிஸ்திரியின் மட்டக் கம்பி என்று ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டு அதற்குமேல் ஆராய மறுத்தது தாமசம். 'என் கிணறு, என் மோட்டார், என் பயிர். அவருடையது அவர் பாடு' என்று ஐந்து வயல்களையும் தனித்தனியாகக் கண்டது ராஜசம். ஐந்து வயல்களின் வழியே ஒரே கம்பி ஓடுகிறது என்று கண்டாரே மிஸ்திரி, அவருடைய பார்வையில் சாத்விகத்தின் சாயல் இருந்தது. அவர் வேதாந்தம் படித்தவரல்லர். பழி சுமந்தவர், பழியைத் திருப்பி வீசாமல் காரணத்தைத் தேடினார். விருப்பு வெறுப்பு சற்றே அடங்கிய மனத்திற்குத்தான் உள்ளது உள்ளபடி தெரியும் போலும்.

அந்தக் கம்பிக்குக் கீழே இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து கிணறுகளும் இறங்குவது ஒரே நிலத்தடி நீரில். எல்லோரும் உண்மையான திறனைப் பதிவு செய்து, பெரிய மின்மாற்றி வந்துவிட்டாலும், ஒருவர் ஆழமாகத் தோண்டி எடுக்கும் நீர் மற்றவருக்கும் நாளை பிறக்கப்போகும் குழந்தைக்கும் உரியது. வரப்பு மண்ணின் மேல்தான் இருக்கிறது. நீருக்கு வரப்பு இல்லை.

யாருடைய வினை?

'அது அவருடைய கர்மம்' என்று நான் எண்ணியதற்கு மீண்டும் வருகிறேன். கர்மக் கொள்கை பொய்யன்று. செயலுக்கு விளைவு உண்டு என்பதைவிட உறுதியான சட்டம் எது? ஆனால் அது என் முகத்தைப் பார்க்க எனக்குத் தரப்பட்ட கண்ணாடி. எனக்குத் துன்பம் வரும்போது, 'இதில் என் பங்கு என்ன?' என்று கேட்டால் கர்மக் கொள்கை என்னைத் திருத்துகிறது, அகந்தையைக் கரைக்கிறது. பிறர்க்குத் துன்பம் வரும்போது, 'அது அவர் பங்கு' என்று நான் சொன்னால் அதே கொள்கை என் இதயத்தைக் கல்லாக்குகிறது. பிறர் துன்பத்தின் முன் நமக்கு இடப்பட்டிருக்கும் கடமை கருணையும் சேவையும்தான்; கணக்குப் பார்ப்பதன்று.

சாச்சாஜியின் கிணற்றில் எரிந்தது வினைப்பயன்தான் என்பதில் ஐயமில்லை. அது அவருடைய முற்பிறவியின் வினையா என்பதை நாம் அறிய இயலாது. ஆனால் அயலார் நால்வருடைய இப்பிறவி வினை அதில் இருந்தது என்பதை ஒரு மின்னழுத்தமானி காட்டிவிட்டது. கண்ணெதிரே இருக்கும் காரணத்தைக் காணாமல், காண முடியாத காரணத்தைப் பேசுவது ஞானமன்று, சோம்பல். சில சமயம் அது நம் பங்கை மறைக்கும் திரையும் ஆகும்.

'நான் ஒருவன் மட்டும்?'

அன்றிரவு நண்பர் உறங்கவில்லை. அவர் நாள்தோறும் குருத்வாராவில் சேவை செய்பவர். லங்கரில் பாத்திரம் துலக்குபவர். "யாருக்கும் தீங்கு நினைத்ததில்லை என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்" என்றார்.

அந்த மாதத்தில்தான் பஞ்சாப் அரசு, உழவர்கள் தங்கள் மோட்டாரின் உண்மையான திறனைத் தாமே முன்வந்து பதிவு செய்ய ஒரு வாய்ப்பளித்திருந்தது. ஒரு குதிரைத்திறனுக்கு 4,750 ரூபாயாக இருந்த கட்டணம் 2,500 ரூபாயாகக் குறைக்கப்பட்டிருந்தது. நண்பருக்கு ஐந்து குதிரைத்திறன் மிகை. 12,500 ரூபாய் ஆகும். பணம் அவருக்குப் பொருட்டன்று. அவர் கேட்டது வேறு.

"நான் ஒருவன் மட்டும் உண்மையை எழுதிக் கொடுத்தால் என்ன மாறும்? மற்ற மூவரும் எழுதாவிட்டால் பெரிய மின்மாற்றி வராது. அழுத்தம் உயராது. சாச்சாஜியின் மோட்டார் மறுபடியும் எரியும். என் உண்மையால் யாருக்கு லாபம்?"

இதை ஒரு சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அவர் சொன்னது முற்றிலும் சரி. பொதுக் கம்பியில் ஒருவரின் நேர்மை தனித்து நின்று எதையும் சாதிப்பதில்லை. சாச்சாஜி நேர்மையாகத்தான் இருந்தார். அவருடைய மோட்டார்தான் எரிந்தது. 'நேர்மையாயிரு, நலம் விளையும்' என்று எளிதாகச் சொல்பவர்கள் அந்தக் கடைசி வயலில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும்.

நான் அவருக்கு எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. கீதையின் மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். உலகம் ஒரு சக்கரம் போலச் சுழல்கிறது. அதிலிருந்து பெற்றுக்கொண்டு திருப்பித் தராமல் நுகர்பவனைப் பகவான் திருடனாகவே கருதுகிறார். கடமையைப் பயன் கருதிச் செய்யாமல், உலக நலன் கருதிச் செய்யச் சொல்கிறார். ஜனகரை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். மேலான நிலையில் இருப்பவன் எதைச் செய்கிறானோ அதையே மற்றவர் பின்பற்றுவர் என்கிறார். ஒரு கம்பியின் முதல் வயலில் இருப்பவனும் மேலான நிலையில் இருப்பவன்தானே?

நண்பர் தம் மரபிலிருந்து பதில் கண்டார். குரு நானக் தம் வாழ்வின் பிற்பகுதியைக் கர்தார்பூரில் உழவராகக் கழித்தவர். உழைத்து நேர்மையாக ஈட்டு, இறைநாமத்தை நினை, பகிர்ந்து உண் என்னும் மூன்றும் சீக்கிய நெறியின் தூண்கள். "லங்கரில் ரொட்டியைப் பகிர்கிறேன். கம்பியில் என் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டேன்" என்றார் அவர். அதற்குமேல் அன்று ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் மின் அலுவலகத்திற்குச் சென்று 15 குதிரைத்திறன் என்று எழுதிக் கொடுத்தார்.

பின்னர் நிகழ்ந்தவை

உடனே அற்புதம் எதுவும் நிகழவில்லை. அடுத்த சில வாரங்களில் இடையிலிருந்த இருவர் பதிவு செய்தனர். ஒருவர் செய்யவில்லை. பெரிய மின்மாற்றி வந்தது மறு ஆண்டில்தான். அதற்குள் சாச்சாஜியின் மோட்டார் இன்னொருமுறை எரிந்துவிட்டது.

அந்த முறை செலவில் பாதியை எடுத்துக்கொண்டு நண்பர் கடைசி வயலுக்குப் போனார். முதியவர் வாங்க மறுத்தார். "மகனே, எனக்குத் தானம் வேண்டாம்" என்றாராம். "சாச்சாஜி, இது தானம் இல்லை. இத்தனை ஆண்டு உங்கள் கம்பியிலிருந்து நான் எடுத்ததன் கடன்" என்று நண்பர் சொன்னபிறகே வாங்கிக்கொண்டார். இதை நண்பர் தொலைபேசியில் என்னிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. தானம் செய்பவன் மேலே நிற்கிறான். கடனைத் திருப்புபவன் சமமாக நிற்கிறான். பல ஆண்டுகள் குருத்வாராவில் பாத்திரம் துலக்கிப் பெற்ற பணிவு அன்று முழுமையடைந்ததாக எனக்குத் தோன்றியது.

அவருடைய உண்மை மின்னழுத்தத்தை உடனே உயர்த்தவில்லை. ஆனால் அது அவரை உடனே விடுவித்தது. நிஷ்காம கர்மத்தின் பொருள் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பயன் வரும்போது வரட்டும். செயலின் தூய்மை செய்த கணத்திலேயே கைகூடிவிடுகிறது.

நம் கம்பி

நம்மில் பலருக்கு வயலும் இல்லை, கிணறும் இல்லை. ஆயினும் நாம் எல்லோரும் ஏதோ ஒரு கம்பியில் இணைந்திருக்கிறோம். வீட்டில் ஒருவர் தமக்குரியதைவிட அதிக ஓய்வை எடுத்துக்கொள்கிறார். அந்த வீட்டில் இன்னொருவர் சிறு சொல்லுக்கும் எரிந்து விழுகிறார். 'அவளுக்கு ஏன் இவ்வளவு கோபம்?' என்று வியக்கிறோம்; அவள் குணத்தைக் குறை கூறுகிறோம். அலுவலகத்தில் மேலிருப்பவர் தட்டிக்கழித்த வேலை படிப்படியாக இறங்கி, கடைசி மேசையில் இருப்பவரின் உடல்நலத்தில் போய் எரிகிறது. எரியும் இடம் ஒன்று. மிகை நிகழ்ந்த இடம் வேறு. நடுவிலுள்ள கம்பி கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆன்மிக சாதகனுக்கு இது ஒரு நல்ல பயிற்சி. புரியாத பழுது ஒன்று நம் அருகில் நேரும்போது, யார் குற்றவாளி என்று தேடுமுன் சற்று நின்று, நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். எரிந்ததை நான் உண்மையில் பிரித்துப் பார்த்தேனா? இதையும் என்னையும் இணைக்கும் கம்பி எது? அந்தக் கம்பியில் நான் எழுதிக் கொடுத்த அளவு எவ்வளவு, எடுத்துக்கொள்வது எவ்வளவு?

மூன்றாவது கேள்விக்கு விடை சொல்வது கடினம். ஆனால் அதைப் பதிவு செய்யும் அலுவலகம் தொலைவில் இல்லை. நம் உள்ளத்திலேயே இருக்கிறது. அங்கே கட்டணம் குறையும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதுமில்லை. நம் வரிசையின் கடைசி வயலில் யாரோ ஒருவர் இப்போதும் தம் நாற்று வாடாதிருக்கக் காத்துக்கொண்டிருக்கிறார். அவரை நினைத்து இன்றே நம் உண்மையான அளவை எழுதிக் கொடுக்க இறைவன் நமக்கு அருள்புரிவாராக.